பரிசு குறைந்தால் எலி என்ன செய்யும்?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அன்புடன் அழைத்த துறைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் விலங்காய்வு நெறிமுறைக் குழு உறுப்பினர்களே, எனக்கு முன் அழகாகப் பேசி என் வேலையைக் கடினமாக்கிவிட்ட பேராசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பரிசு குறையும்போது கற்ற நடத்தை என்னவாகிறது என்பதை அளவு, தரம், இடைவெளி என மூன்றாகப் பகுத்துச் சொல்ல எண்ணுகிறேன்.

முதலில் அளவு. 1942-இல் உளவியலாளர் கிரெஸ்பி வெளியிட்ட ஆய்வில், ஓடுபாதையின் முடிவில் 256 உணவுத் துணுக்குகள் பெற்றுப் பழகிய எலிகளுக்குத் திடீரென 16 மட்டுமே கிடைத்தன. அவற்றின் வேகம், தொடக்கம் முதலே 16 பெற்றுவந்த எலிகளின் வேகத்துக்கும் கீழே இறங்கியது. ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பார்கள். உறியில் இருப்பது குறைந்தால் அது என்ன செய்யும் என்பதைப் பழமொழி சொல்லவில்லை, ஆய்வுக்கூடம் சொன்னது.

அடுத்தது தரம். 1928-இல் உளவியலாளர் டிங்கிள்பா, ஒரு குரங்கின் கண்ணெதிரே கிண்ணத்தின் அடியில் வாழைப்பழத்தை வைத்தார். பிறகு, அது பார்க்காதபோது பழத்தை எடுத்துவிட்டு லெட்டூஸ் கீரையை வைத்தார். குரங்கு ஓடிவந்து கிண்ணத்தைத் தூக்கியது. கீரையைப் பார்த்தது, தொடவில்லை. கிண்ணத்துக்குள் தேடியது, சுற்றும் முற்றும் தேடியது, சில வேளைகளில் அங்கிருந்த மனிதர்களைப் பார்த்துக் கோபத்தோடு கிறீச்சிட்டது. மற்ற நேரங்களில் இதே கீரையைக் குரங்குகள் மறுப்பின்றி உண்டன என்பதை மறந்துவிடாதீர்கள். ருசி கண்ட பூனை உண்டு. ருசி கண்ட குரங்கோ கணக்கும் கேட்கிறது!

இதை மனவருத்தம் என்று சொல்லலாமா எனக் கேட்பவர்களுக்கு உளவியலாளர் ஃபிளாஹெர்ட்டியின் சோதனைகளைக் காட்டுவேன். 32 விழுக்காடு சர்க்கரைக் கரைசலிலிருந்து 4 விழுக்காட்டுக்கு இறக்கப்பட்ட எலிகள், எப்போதும் 4 விழுக்காடே குடித்தவற்றைவிடக் குறைவாகக் குடித்தன. சில நாள்களில் மீண்டன. பதற்றம் தணிக்கும் குளோர்டயஸெபாக்சைடு மருந்து அந்த வீழ்ச்சியைக் குறைத்தது.

2008-இல் பர்மனும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட முடிவுதான் என்னை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது: வளமூட்டப்படாத, அதாவது கூடுதல் வசதிகள் வைக்கப்படாத, கூண்டில் வாழ்ந்த எலிகளிடம் பரிசுக் குறைவின் தாக்கம் நெடுநேரம் நீடித்தது. ருசி கண்ட பூனை என்று எலியைக் குறைசொல்லுமுன், அந்த உறியைத் தவிர அதன் வாழ்வில் வேறென்ன வைத்தோம் என்று கேட்க வேண்டாமா? இடைவெளியைப் பற்றிப் பிறிதொரு நாள் பேசுவேன். தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

நெறிமுறைக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். கூட்டாளி, ஒளிந்துகொள்ள மறைவிடம், கூடுகட்டப் பொருள், கொறிக்க மரத்துண்டு ஆகியவை கூண்டில் உண்டா என்பதை ஆய்வாளர் தனிப் பத்தியில் எழுதும்படி படிவத்தை மாற்றுங்கள். ‘தரமான பராமரிப்பு’ என்ற இரண்டே சொற்களோடு வரும் படிவத்தைத் திருப்பி அனுப்புங்கள்.