மூன்று சுழி ண எவ்வளவு தாங்கும்?

வணக்கம். வரைகலை படிக்கிற தம்பி தங்கைகளுக்கும், வேலை நாளில் கடையைப் பூட்டிவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அச்சக நண்பர்களுக்கும் என் அன்பு. எழுத்தை வைத்துச் சோதனை செய்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். மேசை மேல் ஒரு தீப்பெட்டி இருக்கிறது, பார்த்தீர்களா? அதற்குள் ஒரு பொருள் வைத்திருக்கிறேன். பேசி முடித்துவிட்டுத் திறக்கிறேன்.

முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். வோல்ஃப்காங் வைங்கார்ட் என்ற வரைகலை வடிவமைப்பாளர். 1941-இல் தெற்கு ஜெர்மனியில் பிறந்தவர். ஷ்டுட்கார்ட் நகரத்து அச்சகம் ஒன்றில் மூன்று வருஷம் அச்சுக்கோக்கும் தொழில் பழகினார். ஈய எழுத்து, அதைப் பிரித்துப் போட்டுவைக்கும் அறைப்பெட்டியான கேஸ், வரி கோக்கும் ஸ்டிக், கோத்ததை வைக்கும் தட்டான காலி என்று நம் ஊர் கம்பாசிட்டர்கள் புழங்கிய அதே சாமான்கள்தான். ஒருநாள் பொடி எழுத்து நிறைந்த கேஸ் ஒன்று தவறி விழுந்து எழுத்தெல்லாம் தரையில் சிதறிவிட்டது. அந்த நிமிஷம் எப்படி இருக்கும் என்று கடைசி வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பொறுக்கி, முகம் பார்த்து, அதனதன் அறையில் போடவேண்டும். பொழுது அதிலேயே போய்விடும்.

வைங்கார்ட் அறையில் போடவில்லை. பொறுக்கியதை அள்ளி வட்டமாக நிறுத்தி, சுற்றிலும் இறுக்கிக் கட்டினார். மை தடவி அச்சடித்தார். அப்புறம் அந்தக் கட்டைத் தலைகீழாகத் திருப்பி, எழுத்துகளின் அடிப்பாகத்தையும் அச்சடித்துப் பார்த்தார். நாம் யாரும் பார்க்காத பக்கம் அது. அதில் எழுத்து கிடையாது. சின்னச் சின்னக் கட்டங்கள்தான் பதியும். ஒரு வட்டத்துக்குள் நெருக்கியடித்து நிற்கிற நூற்றுக்கணக்கான கட்டங்கள்.

ஈய எழுத்து வரிசையில் நிற்கப் பிறந்தது. நாலு பக்கமும் நேர்வெட்டு. அதை வளைக்க முடியாது, ஒன்றன்மேல் ஒன்று ஏற்ற முடியாது. இதெல்லாம் தெரிந்த கைதான் அதை வட்டமாகக் கட்டிப் பார்த்தது. தொழில் தெரியாத ஒருவருக்கு அந்த வட்டத்தில் என்ன மீறல் இருக்கிறது என்றே புரிந்திருக்காது. அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பிறகு அவர் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரத்துக்குப் போனார். அங்கே எமில் ரூடர், அர்மின் ஹோஃப்மன் இருவரும் ஆசிரியர்கள். சுவிஸ் முறை என்றால் ஒழுங்கு. கட்டம் போட்டு, வரி பிசகாமல், தெளிவான எழுத்தில், காகிதத்தின் வெள்ளையையும் எண்ணி எண்ணிச் செலவு செய்கிற ஒழுங்கு. அதே பள்ளி 1968-இல் வைங்கார்டை ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டது. அவர் எழுத்துக்கு எழுத்து இடைவெளியை அகட்டினார், பத்தியின் ஓரத்தைப் படிக்கட்டாக வெட்டினார், தடித்த கோடுகளை வரிக்குள் நுழைத்தார், கறுப்புக்குள் வெள்ளை எழுத்தைப் பதித்தார். 70-களில் ஈயத்தை விட்டுவிட்டு ஃபிலிமுக்கு வந்தார். படத்தைச் சின்னப் புள்ளிகளாக உடைக்கும் புள்ளித் திரை போட்ட ஃபிலிம்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, வெட்டி, நகர்த்தி, அந்த அடுக்கையே சுவரொட்டியாக்கினார். சிவகாசியில் பாசிட்டிவ் ஃபிலிமைக் கண்ணாடி மேசையில் வைத்து ஒட்டிய கைகள் அந்தச் சுவரொட்டிகளைப் பார்த்தால் எந்த இடத்தில் பிளேடு ஓடியிருக்கிறது என்று காட்டிவிடும். கணினியில் அடுக்கு அடுக்காக நீங்கள் இன்று செய்வதை அவர் கையால் செய்தார். அவரிடம் படித்த ஏப்ரல் கிரைமனும் டான் ஃபிரீட்மனும் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள்.

படிக்க முடிகிறது, சரி. படிக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை என்றால் அதனால் என்ன பயன் என்பது வைங்கார்ட் கேட்ட கேள்வி. இந்தக் கேள்விக்குப் பின்னால் வந்தவர்கள் பலர். அமெரிக்காவில் ரே கன் என்ற இசைப் பத்திரிகையை வடிவமைத்த டேவிட் கார்சன் 1994-இல் செய்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி சலிப்பாக இருக்கிறது என்று முழுப் பேட்டியையும் குறிகள் மட்டுமே உள்ள ஸாஃப் டிங்பாட்ஸ் எழுத்துருவில் வைத்துவிட்டார். அதே இதழின் பின்பகுதியில் பேட்டி படிக்கும்படியாகவும் இருந்தது என்பதைக் கதை சொல்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அது பேட்டியைப் பற்றி ஒரு வடிவமைப்பாளர் சொன்ன கருத்து. எழுத்தைப் பற்றி அதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. கார்சனின் மற்றப் பக்கங்களில் நிறைய இருக்கிறது, அவற்றைப் பாருங்கள்.

படிக்க முடிவது என்றால் என்ன என்பதற்கு ஸுஸானா லிச்கோ சொன்ன பதில்தான் எனக்கு வழிகாட்டி. கலிஃபோர்னியாவில் வந்த எமிக்ரே என்ற வடிவமைப்புப் பத்திரிகைக்காக, மேக்கின்டாஷ் கணினி வந்த புதிதில், கரடுமுரடான திரைப் புள்ளிகளைக் கொண்டே எழுத்து செய்தவர். எந்த எழுத்தும் தன்னளவில் படிக்க எளிதானதோ கடினமானதோ இல்லை, எதை அதிகம் படிக்கிறோமோ அதைத்தான் நன்றாகப் படிக்கிறோம் என்றார். பழக்கம்தான் என்கிறார்.

இதை நம்புவதற்கு நாம் கலிஃபோர்னியா போகவேண்டாம், ஓலைச்சுவடியை எடுத்தால் போதும். புள்ளி கிடையாது, எழுத்தாணியால் குத்தினால் ஓலை ஓட்டையாகும் என்று விட்டுவிட்டார்கள் என்பார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எகரமும் ஏகாரமும் ஒன்று. ரகரமும் காலும் ஒரே கோடு. இப்படி ஒரு பக்கத்தை இன்று உங்கள் ஆசிரியரிடம் கொடுத்தால் மதிப்பெண் கிடைக்காது. ஆனால் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் அதைத்தான் படித்தார்கள். பழக்கம் அறுந்த பிறகு அதே ஓலையைப் படிக்க உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் பட்ட பாடும் நமக்குத் தெரியும். அதே மொழியில் எழுத்தை நாகமாகவும் தேராகவும் அடுக்கிப் பாடிய சித்திரக்கவியும் இருந்தது. திருமங்கையாழ்வாரின் திருவெழுகூற்றிருக்கையில் எண்கள் ஒன்று, இரண்டு என்று ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும். அதைத் தேர்த்தட்டுகளாக எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. பாரிஸில் கவிஞர் அப்போலினேர் மழையைப் போல எழுத்தைச் சரியவிட்டதைப் பாடமாகப் படிக்கிற நீங்கள், இந்தத் தேரையும் ஒருநாள் அளவெடுத்து வரைந்து பாருங்கள். இரண்டும் ஒரே காரியம் இல்லை. மழை கண்ணுக்கு. தேர், எப்படி எண்ணிப் படிக்கவேண்டும் என்பதற்கு.

இனி நம் எழுத்துக்கு வருகிறேன். நான் இங்கே சொல்ல வந்ததே இதுதான். தமிழில் சோதனை என்று வருகிற பல வேலைகளில், ஆங்கில எழுத்தின் துண்டுகளை எடுத்து ஒட்டித் தமிழாக்குகிறார்கள். ஆங்கில எஸ்ஸைக் கொஞ்சம் வளைத்தால் ஒரு தமிழ் எழுத்து, ஆங்கில ஐ-யை (I) நிறுத்தினால் ஒரு கால். சுவரொட்டி பளிச்சென்று இருக்கும். தமிழெழுத்து எங்கே முறியும், எங்கே தாங்கும் என்று அந்த வேலை நமக்கு எதுவும் சொல்லாது. அதைக் கையால் தொட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

வைங்கார்ட் மாதிரி இடைவெளியை அகட்டுவோம் என்று நான் ஒருமுறை தொடங்கினேன். "பாடம்" என்ற சொல். பகரத்துக்கும் காலுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. பார்த்தவர் "பரடம்" என்று படித்தார். ஓலையில் ஒன்றாக இருந்த காலும் ரகரமும் இன்றைக்கும் ஏறக்குறைய ஒரே உருவம்தான். முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டி நிற்பதால்தான் கால், காலாகத் தெரிகிறது. ஒற்றைக் கொம்பை அகட்டினால் அது முந்தின எழுத்தின் பின்னால் போய் நின்றுகொள்ளும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தும் தனி ஆள், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். தமிழில் அது குடும்பம். அகட்டலாம், தாராளமாக அகட்டலாம். எழுத்துக்கு எழுத்து அல்லாமல், கால் கொம்பெல்லாம் சேர்ந்த முழு எழுத்துக்கு முழு எழுத்து அகட்டவேண்டும்.

இன்னொன்று. ஒரு பயிலரங்கில் ஒரு மாணவி "மணம்" என்ற சொல்லை எடுத்துக்கொண்டாள். அகலத் தூரிகையால் எழுதி, அதை நகலெடுத்து, நகலை மறுபடியும் நகலெடுத்து, ஒவ்வொரு முறையும் கோடு தடிக்க விட்டாள். ஏழாவது நகலில் ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. ஒன்பதாவதில் மூன்றாவது சுழி காணாமல் போனது. தாளைச் சுவரில் ஒட்டிவைத்து, வெளியே போய்க்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டோம். "மனம்" என்றார்.

எல்லோரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. சின்ன வயதில் மூன்று சுழி ண, ரெண்டு சுழி ன என்று சொல்லிக்கொடுத்தது இதற்காகத்தான். இங்கே எழுத்தைத் தாங்கி நிற்கும் எலும்பு சுழியின் எண்ணிக்கைதான். தடிமனை மாற்றலாம், சாய்க்கலாம், கிழிக்கலாம், பாதியைத் தண்ணீரில் கரைக்கலாம். எண்ணிக்கை போனால் சொல்லே வேறு. அந்த மாணவி அதோடு விடவில்லை. எட்டாவது நகலை எடுத்துக்கொண்டாள். மணமா மனமா என்று கண் முடிவு செய்யாமல் நிற்கும் இடம் அது. அதைத்தான் அவள் சுவரொட்டியாக்கினாள். ஒரு திருமணத்தைப் பற்றிய நாடகத்துக்கு அதைவிடப் பொருத்தமாக வேறென்ன செய்ய முடியும்?

கணினிக்குள்ளும் இதே தொடுகை சாத்தியம். 1989-இல் எரிக் ஃபான் பிளோக்லண்ட், யுஸ்ட் ஃபான் ரோசம் என்ற இரண்டு டச்சு இளைஞர்கள் பியோவுல்ஃப் என்ற எழுத்துருவைச் செய்தார்கள். எழுத்துருவின் நிரலுக்குள் போய், கோட்டை இந்தப் புள்ளிக்கு இழு என்று சொல்லும் கட்டளையை மாற்றி, புள்ளி கொஞ்சம் தள்ளாடும்படி செய்துவிட்டார்கள். ஒவ்வொரு முறை அச்சடிக்கும்போதும் ஒரே எழுத்து வேறு வேறு ஓரத்தோடு வரும். ஒரு பக்கத்தில் இரண்டு எழுத்துகூட அச்சாக ஒன்றுபோல் இருக்காது. வைங்கார்ட் ஈயத்துக்குச் செய்ததை இவர்கள் நிரலுக்குச் செய்தார்கள். 2011-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. தமிழுக்கு இப்படி ஒன்று செய்தால் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு தள்ளாட முடியாது. எழுத்தின் முதுகு எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம். சுழியின் உள்வெள்ளை மூடிக்கொள்ளக் கூடாது. அந்த அளவைக் கண்டுபிடித்துத் தருவது உங்களில் ஒருவராக இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

ஆசைப்படுவதற்குக் காரணமும் இருக்கிறது. பிரியா ரவிச்சந்திரனின் கேட்டமரான் எழுத்துரு மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது தடிமனில் இருக்கிறது. ஏக் டைப் குழுவின் பலூ தம்பியில் அவ்வளவு சதைப்பிடிப்பிலும் சுழி திணறாமல் இருக்கிறது. அதே குழு 2022-இல் வெளியிட்ட அனேக் தமிழ் எழுத்துருவை ஒடுக்கலாம், அகட்டலாம். மூன்றையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இறக்கியதும் ணகரத்தைப் பெரிதாக்கி, சுழியின் உள்வெள்ளை ஒவ்வொன்றிலும் எப்படிக் காப்பாற்றப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

சரி, தீப்பெட்டி.

இது ஓர் ஈய எழுத்து. தலைப்புக்கு வைக்கிற அளவு. மூடிவிட்ட ஓர் அச்சகத்தின் கழிவு ஈயத்திலிருந்து எடுத்தேன். பழைய "னை". எழுத்தின் தலைமேல் யானைத் தும்பிக்கை வளைந்து நிற்கிறது. பெரியார் 1935-லேயே தன் குடியரசு இதழில் இதைக் கைவிட்டார். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணையிட்டது. ணா, றா, னா வரிசையில் ஒன்பது, இந்தத் தும்பிக்கை வைத்த நான்கு, ஆக 13 எழுத்துகள் உரு மாறின. உங்கள் தாத்தா பாட்டிக்குப் பழைய உரு, புதிய உரு இரண்டும் ஒரே வேகத்தில் படிக்க வரும். உங்களில் சிலருக்கு இது முதல் பார்வையில் எழுத்தாகவே தெரியாது.

ஒவ்வொருவராக வாருங்கள். கையில் எடுத்து, முகத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியிருக்கும். மையும் உருளையும் காகிதமும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முதலில் முகத்தைப் பதியுங்கள். அப்புறம் திருப்பி, அடிப்பாகத்தையும் ஒருமுறை பதியுங்கள்.