மச்சான் 2 லட்சம்

வணக்கம் நேயர்களே. கூட்டு யாவாரத்த கலைக்கிறப்ப வர்ற கேஸுகளப் பத்தி பேசச் சொல்லிருக்காங்க. பங்காளின்னா நம்ம ஊர்ல அண்ணந்தம்பி வகையறா, நான் சொல்றது கடைப் பங்காளி, ரெண்டும் கோர்ட்டுக்கு வரும், அது வேற கதை.

கீழமாசி வீதியில ஒரு பலசரக்குக் கடை. மாப்பிள்ளையும் மச்சானும் ஆளுக்கு 3 லட்சம் முதல் போட்டு பத்திரம் எழுதி ஆரம்பிச்சது. கலைச்சப்ப கேஸாகி, கோர்ட்டு மொதல்ல பங்கு இன்னதுன்னு முதல்நிலைத் தீர்ப்பு குடுத்துட்டு, கணக்குப் பாக்க என்னைய கமிஷனரா, அதாவது கோர்ட்டு சார்பா பாக்குற ஆளா, போட்டுச்சு. பேரேடு எங்கன்னு கேட்டா மஞ்சத்தூள் அப்புன ஒரு நோட்ட நீட்டுறாங்க. அதுல மாப்பிள்ளை கையெழுத்துல ஒரே வரி: "மச்சான் 2 லட்சம்". பற்றா வரவா, அதாவது எடுத்ததா போட்டதா, ஒண்ணுமில்ல! மச்சான் நான் போட்டதுங்குறாரு, மாப்பிள்ளை அவர் எடுத்ததுங்குறாரு. அந்த ஒரு வரிக்கு மூணு உட்காரல், நாலு டீ, இடையில ரெண்டு வீட்டு அக்காமாரும் வந்து அழுதாச்சு.

கடைசியில அந்தத் தேதிக்கு விருதுநகர் மிளகா மண்டி ரசீது ஒண்ணு கெடச்சுது, ரொக்கம் 1,95,000. முந்துன நாள் கல்லா இருப்பு 11,000. அப்ப பணம் வெளிய இருந்துதான வந்திருக்கணும்? மாப்பிள்ளை வாய் அடைச்சாரு, ஆனா உடனே "சரி, அதுவும் முதலுதான்"னு அடுத்தத ஆரம்பிச்சுட்டாரு. அங்கதான் பத்திரம் உதவுச்சு. பேசுன முதல் 3 லட்சம், அதுக்கு மேல போட்டது கடன் மாதிரி, 1932 கூட்டாண்மைச் சட்டப்படி வேற பேச்சு இல்லேன்னா வருஷத்துக்கு நூத்துக்கு 6 வட்டி. அஞ்சு வருஷத்துக்கு 60,000. வரிசையும் உண்டு, வெளிக் கடன்காரங்களுக்கு மொதல்ல, பங்காளி முதலுக்கு மேல போட்டது அடுத்து, முதல் அதுக்கும் பெறகு, மிச்சம் இருந்தாத்தான் பங்கு. அதுனாலதான் சொல்றேன், யாரு போட்டது எதுக்குன்னு பக்கத்துலயே எழுதிருங்க, போட்டதா எடுத்ததான்னு ரெண்டு எழுத்து.

அட, விரலக் காட்டுறாங்க, ஒரு நிமிஷமாம். கணக்குக் கேஸு கலைச்ச தேதியிலேர்ந்து 3 வருஷத்துக்குள்ள போடணும், அதுனால கலைக்கிறத வாயால சொல்லாம எழுதிக் குடுங்க. பதியாத கடைன்னாலும் கலைச்ச கணக்குக்கு கேஸ் போடலாம். அப்புறம் அரசாங்க கெஜட்லயும் தமிழ்ப் பேப்பர்லயும் அறிவிப்பு குடுக்கலேன்னா, கலைச்ச பெறகு மத்தவரு வாங்குற கடனும் உங்க தலையில விழலாம். கடை பேரு யாருக்குங்கிறது பெரிய சண்டை, அத இன்னொரு நாள் கூப்புட்டா சொல்றேன், வணக்கம்.