சுறாவின் முள்ளும் பிள்ளையின் முழங்காலும்

வணக்கம் நேயர்களே. பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம், ஏர்வாடி என்று கடற்கரை ஓரம் மீன் ஆய்ந்து பழகிய தாய்மார்களுக்கு எலும்பைப் பற்றிச் சொல்வது சுலபம். விளைமீனை வெட்டும்போது நடுமுள்ளில் கத்தி நறுக்கென்று முட்டும். சுறாவிலும் திருக்கையிலும் அப்படி முட்டாது. அவற்றுக்கு எலும்பே கிடையாது, உடம்பு முழுக்க, நம் காது மடலில் இருப்பதுபோல் வளைந்துகொடுக்கும் குருத்தெலும்புதான். சாகும்வரை அப்படியே இருக்கும்.

நம் பிள்ளைகளும் வயிற்றுக்குள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். கருவின் இரண்டாம் மாதத்தில் கை, கால் எலும்புகளுக்கு முதலில் குருத்தெலும்பில்தான் அச்சு விழுகிறது. பிறகு அதற்குள் இரத்தக் குழாய் நுழைந்து, எலும்பைக் கட்டும் செல்கள் வந்து, கால்சியமும் பாஸ்பரசும் படிந்து இறுகுகிறது. பிறக்கும்போது சுமார் 300 துண்டுகளாக இருப்பவை ஒன்றோடொன்று சேர்ந்து, பெரியவர்களானபின் 206 ஆகின்றன.

பிள்ளை விழுந்துவிட்டது என்று தூக்கி வருவார்கள். முழங்கால் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தால், மூட்டுக்குச் சற்றுத் தள்ளி எலும்பின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு தெரியும். "ஐயோ, கீறல் விட்டிருக்கே டாக்டர்" என்று அம்மா பதறுவார். அது கீறல் இல்லை அம்மா. உங்கள் பிள்ளை உயரமாகும் இடமே அதுதான். அங்கே இன்னும் குருத்தெலும்பு ஒரு தட்டுப்போல இருக்கிறது. எக்ஸ்ரேயில் அது தெரியாததால் கோடாக விழுகிறது. அந்தத் தட்டில் செல்கள் அடுக்கடுக்காகப் பெருக, மூட்டை விட்டுத் தள்ளியிருக்கும் பக்கம் எலும்பாக மாறிக்கொண்டே வரும். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 14, 15 வயது வாக்கிலும், பையன்களுக்கு 16, 17 வாக்கிலும் அது மூடிக்கொள்ளும். அதன் பிறகு எந்த டானிக்கும் உயரத்தைக் கூட்டாது, காசைக் கரியாக்காதீர்கள். அந்த இடத்தில் பலமாக அடிபட்டால், உருவிவிட்டுக் கட்டுப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள். தட்டு ஒரு பக்கமாக மூடிக்கொண்டால் கால் கோணிவிடும்.

எலும்பு எதனால் ஆனது என்று பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலேயே பார்க்கலாம். கோழிக்கால் எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறப்போட்டால் கால்சியம் கரைந்துபோய், வளைத்தால் வளையும். இன்னொன்றை அடுப்பில் நன்றாகச் சுட்டால் கொலாஜன் என்ற புரதம் எரிந்துபோய், தொட்டாலே பொடியும். உறுதிக்கு ஒன்று, முறியாமல் தாங்க மற்றொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் எலும்பு. உடம்பைத் தாங்குவதும் மூளையையும் நெஞ்சையும் காப்பதும் எல்லோருக்கும் தெரிந்த வேலைகள். உள்ளே இருக்கும் மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களை உண்டாக்குவது பலருக்குத் தெரியாது.

எலும்பு ஓய்ந்திருப்பதே இல்லை. பழையதை அரிக்க ஒரு வகைச் செல், புதிதாகக் கட்ட இன்னொரு வகை. இப்படி வருடத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு புதுப்பிக்கப்படுகிறது. எங்கே பாரம் விழுகிறதோ அங்கே எலும்பு தடிக்கும் என்று ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் உல்ஃப் 1892-ல் எழுதினார். கரைவலை இழுக்கிறவர் மணலில் காலை ஊன்றி இழுக்கிறாரே, அந்தப் பாரம் எலும்புக்கு நல்லது. பாசி எடுக்கக் கடலில் மூழ்கும் அக்காமார்களுக்கு மூச்சும் தசையும் வலுப்படும். ஆனால் தண்ணீர் உடம்பைத் தாங்கிவிடுவதால் எலும்புக்கு அந்த அளவு பலன் வராது. கரையேறிய பிறகு நடையும் வேண்டும்.

நான் இங்கே வந்ததே அடுத்த விஷயத்தைச் சொல்லத்தான். பெண் பிள்ளை வயசுக்கு வருவதை ஒட்டிய இரண்டு வருடத்தில் மட்டும், அவள் ஆயுளுக்கும் வேண்டிய எலும்பில் ஏறக்குறைய கால் பங்கு சேர்கிறது. சரியாக அந்த வருடங்களில்தான் நாம் அவளை ஓடாதே, குதிக்காதே, வெளியே போகாதே என்கிறோம். பெற்றவர்களே, அது பெரிய அநியாயம். கபடி ஆடட்டும், கயிறு தாண்டட்டும். நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் அந்த வெயிலால் வைட்டமின் டி கிடைக்காது. ஜன்னல் கண்ணாடி வழியாக வருவதும் உதவாது.

சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி, சின்னச் சூடை போதும். பெரிய மீனின் சதையில் கால்சியம் கொஞ்சம்தான், முள்ளில்தான் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகு மாவில் 350 மில்லிகிராம் வாக்கில் உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 1000 மில்லிகிராம். சாப்பாட்டில் வராவிட்டால் உடம்பு அதை எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். ஏனென்றால் இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

முப்பது வயதுக்குள் சேர்த்ததுதான் சேர்ப்பு. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் சில வருடம் எலும்பு வேகமாகக் குறையும், வலியே தெரியாது. ஐம்பதைத் தாண்டிய அம்மா நின்ற வாக்கில் வழுக்கி, கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு முறிந்தால், மாவுக்கட்டோடு விட்டுவிடாதீர்கள். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அடர்த்தி குறைந்திருந்தால் அதற்கு மாத்திரையும் ஊசியும் உண்டு. இடுப்பு முறிந்து படுக்கையில் விழுவதற்கு முன்பே தொடங்கிவிடலாம். நன்றி, வணக்கம்.