ஆடிய புகழா, கற்ற தொழிலா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

ரக்பி லீக்கில் ஒரு நல்ல பயிற்சியாளரை உருவாக்குவது ஆட்டக்காரராக அவர் சேர்த்த புகழா, ஆடி முடித்த பிறகு கற்ற தொழிலா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் எழுந்ததுமே மால் மெனிங்காவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். 1989, 1990, 1994 என மூன்று முறை ஆஸ்திரேலிய கிளப்பான கான்பெரா ரெய்டர்ஸ் கோப்பை வென்றபோது கேப்டன் அவர்தான். பின்னர் குவீன்ஸ்லாந்து மாநில அணியின் பயிற்சியாளராக 2006 முதல் 2015 வரை, ஆண்டுதோறும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தோடு மோதும் பத்துத் தொடர்களில் ஒன்பதை வென்றார். "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்" என்று முடித்து, கைதட்டலும் வாங்கிக்கொண்டு அமர்ந்தார் தலைவர்.

நான் வெளியூரிலிருந்து ஆள் பிடிக்கப் போவதில்லை. அதே கான்பெரா அணி, அதே உடை மாற்றும் அறை. அங்கிருந்தே கிரெய்க் பெல்லமியை அழைக்கிறேன். 1982 முதல் 1992 வரை அந்த அணிக்கு ஆடியவர். எந்த இடத்தில் ஆள் குறைகிறதோ அந்த இடத்தில் இறக்கிவிடப்படுவார். பல நாள் மாற்று ஆட்டக்காரர்களோடு பெஞ்சில் இருப்பார். மாநிலத்துக்கும் ஆடியதில்லை, ஆஸ்திரேலியாவுக்கும் ஆடியதில்லை. எதிரணியின் அளவுகோலை வைத்தால் இவருக்குக் கதவையே திறந்திருக்கக் கூடாது.

ஆட்டம் முடிந்ததும் அவர் செய்தது என்ன? கான்பெராவின் கீழ்நிலை அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தார், உடற்தகுதி வேலையைக் கற்றார். 1998இல் பிரிஸ்பேன் போய், அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்த வேய்ன் பென்னட்டிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அந்த ஆண்டும் 2000இலும் பிரிஸ்பேனுக்குக் கோப்பை. 2002இல் மாநிலப் போட்டிக்காகப் பென்னட்டும் நட்சத்திரங்களும் போய்விட, மீசை முளைக்காத பையன்களை வைத்துக்கொண்டு ஓர் ஆட்டத்தை நடத்த வேண்டிய பொறுப்பு பெல்லமி தலையில் விழுந்தது. வெஸ்ட்ஸ் டைகர்ஸை 28-14 என்று வீழ்த்தினார்கள். 2003இல்தான் மெல்பர்ன் ஸ்டார்ம் அணியின் தலைமைப் பொறுப்பு அவருக்கு வந்தது. ஆட்டத்தை விட்டுப் பத்து வருடம் கழித்து!

அந்தப் பத்து வருடத்தில் அப்படி என்ன கற்றார் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு டேக்கிளை, அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவதை, கிட்டே போய்ப் பார்ப்போம்.

பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள். ஆறாவதில் பிடிபட்டால் பந்து கைமாறும். ஒவ்வொரு முறையும் விழுந்தவர் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதற்குள் தடுக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்கி வரிசை கட்டியாக வேண்டும். ஆக, விழுந்தவர் எழ எவ்வளவு நேரம் ஆகிறது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. மெல்பர்ன் என்ன செய்தது? தற்காப்புக் கலை தெரிந்தவரைக் கூப்பிட்டு, மல்யுத்தப் பிடிகளைப் பழக்கியது. முதல் ஆள் பந்தோடு சேர்த்து மார்பில் இறுக்குவார், கை வெளியே வந்து பந்தை இன்னொருவருக்குத் தள்ளிவிடாதபடி. இரண்டாமவர் பக்கத்திலிருந்து தோளைப் பிடித்துத் திருப்புவார். மூன்றாமவர் காலை முடக்குவார். நோக்கம், ஆளை மல்லாக்கப் போடுவது. குப்புற விழுந்தவர் கையூன்றிச் சட்டென எழுந்துவிடுவார். மல்லாந்தவரோ புரண்டு, முட்டி போட்டு, பிறகுதான் நிமிர முடியும். கிடைப்பது ஒரு நொடிதான். அந்த நொடியில் வரிசை நேராகிவிடும்.

இதில் கெடுவதும் எளிது. மூவரும் மேலே விழுந்து கிடந்தால் அவர்களுக்கே எழ நேரமாகும். வரிசையில் மூன்று ஓட்டை விழும். ஒரு விநாடி கூடுதலாக அமுக்கினால் நடுவர் விசில் ஊதுவார். 2020 முதல் எண்ணிக்கையை அழித்து, மறுபடி ஆறு டேக்கிள் கொடுத்துவிடுகிறார்கள். கை தோளிலிருந்து கழுத்துக்கு நழுவினால் தடை. மெல்பர்ன் கேப்டன் கேமரன் ஸ்மித்தே அப்படித் தடை வாங்கி 2008 இறுதிப் போட்டியில் ஆட முடியாமல் போனார். மேன்லியிடம் மெல்பர்ன் 40-0 என்று தோற்றது. இந்தப் பிடிகள் ஆட்டத்தின் அழகைக் கெடுத்தன என்பாரும் உண்டு. அதில் எனக்கும் பாதிச் சம்மதம். ஆனால் இது அங்குலம் அங்குலமாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த வேலை. மூன்று கோப்பை வாங்கிய கேப்டன் என்ற பட்டம் யாரையும் மல்லாக்கப் போடாது.

கூப்பர் கிராங்க் கதையும் இதே. மெல்பர்னில் பல இடங்களில் மாற்றாக இறங்கிக்கொண்டிருந்த பையன். மேட் ஆர்ஃபர்ட் அணியை விட்டுப் போனதும், 2006இல் அவரைத் துணிந்து ஹாஃப்பேக் ஆக்கினார் பெல்லமி. அணியின் தாக்குதல் முழுவதையும் நடத்தும் இடம் அது. 2013இல் ஆண்டின் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கம் கிராங்குக்கு. பெஞ்சில் உட்கார்ந்தவருக்குத்தான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் கண்ணில் படுவான் போலிருக்கிறது!

எதிரணி 2010ஐ எடுக்கும் என்று தெரியும், நானே எடுத்துவிடுகிறேன். வீரர்களுக்கு ஒரு கிளப் மொத்தமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்ற சம்பள வரம்பை மெல்பர்ன் மீறிய கணக்கு வெளியே வந்து, 2007, 2009 கோப்பைகள் பறிக்கப்பட்டன. நானும் அவற்றை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. அந்தப் பருவத்தில் எத்தனை ஆட்டம் வென்றாலும் புள்ளி கிடையாது என்று தண்டனை. பூஜ்யத்துக்காக ஆடி 14 ஆட்டங்களை வென்று, பட்டியலில் கடைசியில் நின்றார்கள். வரம்புக்குள் அடங்க இங்லிஸ் போன்ற நட்சத்திரங்களை விட்டுக்கொடுத்து, 2012இல் கேன்டர்பரியை 14-4 என்று வென்று கோப்பை. பிறகு 2017, 2020.

இனி மெனிங்காவுக்கு வருகிறேன். 1997 முதல் 2001 வரை கான்பெராவுக்கு அவர்தான் பயிற்சியாளர். இறுதிப் போட்டியை எட்டவில்லை. எதிரணித் தலைவர் அந்த ஐந்து வருடத்தை மட்டும் ஏன் தாண்டிக் குதித்தார்? மாநிலத் தொடர் என்பது வருடத்துக்கு மூன்றே ஆட்டம். சமைத்துத் தயாரான வீரர்கள் வருவார்கள்; அவர்களை ஒன்றாகச் சேர்த்து, மனம் தளராமல் வைத்திருக்க ஒரு பெரிய மனிதர் வேண்டும். அதில் மெனிங்காவுக்கு நிகரில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதே தொடரில் 2008 முதல் 2010 வரை நியூ சவுத் வேல்ஸை நடத்திய பெல்லமி ஒன்பது ஆட்டத்தில் இரண்டுதான் வென்றார். மாதக்கணக்கில் பழக்கினால்தான் பலிக்கிற வித்தை அவருடையது; சில நாள் முகாமுக்குள் அது அடங்காது. ஆனால் அப்போது மெனிங்கா அணியில் இருந்த ஸ்மித், ஸ்லேட்டர், இங்லிஸ் மூவரும் எந்த கிளப்? மெல்பர்ன் ஸ்டார்ம்! பெல்லமியைத் தோற்கடித்ததே பெல்லமியின் பட்டறைதான்.

ரிக்கி ஸ்டூவர்ட் என்ற பெயரும் வரும். பெரிய ஹாஃப்பேக், தலைமைப் பயிற்சியாளரான முதல் ஆண்டிலேயே, 2002இல், சிட்னி ரூஸ்டர்ஸுக்குக் கோப்பை. சரி. 2003, 2004, 2019 இறுதிப் போட்டிகளில் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியாக மைக்கேல் மக்வயர். கான்பெராவிலும் அடிலெய்டிலும் கொஞ்ச காலம் ஆடியவர். பெயர் சொல்லும் ஆட்டக்காரர் இல்லை. மெல்பர்னில் பெல்லமிக்கு உதவியாளராக இருந்து தொழில் பழகினார். 2010இல் இங்கிலாந்தின் விகன், 2014இல் சவுத் சிட்னி, இரண்டு இடத்திலும் கோப்பை. 2025 இறுதிப் போட்டியில் அவருடைய பிரிஸ்பேன், பெல்லமியின் மெல்பர்னை 26-22 என்று வென்றது. இரண்டு பக்கமும் நின்றவர்களில் ஒருவர்கூட ஆஸ்திரேலியாவுக்கு ஆடியவர் இல்லை. அந்த இருவரில் யாரைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்வார்கள் என்று அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் சொல்லட்டும், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.