போன மாதம் பார்த்த ஓவியம் எங்கே போனது?

[திரையில்: வெறுஞ்சுவர், இரண்டு ஆணித் துளைகள்]

போன மாதம் பார்த்துப் பிடித்துப்போன ஓவியத்தைக் காட்ட நண்பரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். அதே சுவரில் வேறு படம் தொங்குகிறது. கலை அருங்காட்சியகங்கள் ஏன் வருடம் முழுக்கக் கண்காட்சிகளை மாற்றிக்கொண்டே இருக்கின்றன?

முதல் காரணம் வெளிச்சம். நீர்வண்ண ஓவியம், பழைய புகைப்படம், சாயம் தோய்த்த துணி எல்லாமே வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கும். போன நிறம் திரும்பாது. அதனால் இவை இருக்கும் அறையில் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவில்தான் வைப்பார்கள். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. "ஏன் இவ்வளவு இருட்டு?" என்று நாம் கேட்பது அந்த அறைகளில்தான்.

[திரையில்: 50 × 8 × 90 = 36,000]

நாளுக்கு 8 மணி நேரம், 90 நாள் என்று வைத்துக்கொண்டால், 36,000 லக்ஸ் மணி. காலிமுகத்திடலின் உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மூன்று மாதத்தில் படம் வாங்கிய வெளிச்சம், அந்த வெயிலில் 22 நிமிடத்துக்குச் சமம். கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் இந்தச் சேதம் கழிவதே இல்லை, வருடா வருடம் கூடிக்கொண்டே போகும். அதனால் படத்தை இறக்கி இருட்டில் வைக்கிறார்கள். ஓய்வெடுத்தால் குணமாகிவிடாது, மங்குவது தள்ளிப்போகும்.

கொழும்பில் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. காற்றில் ஈரம் 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கடலோர ஊரில் அதற்கு அதிக நாள் தேவையில்லை.

அடுத்தது, இரவல். வெளியிலிருந்து வரும் படைப்பைப் பெட்டி பிரித்ததும் கீறல், கறை எல்லாவற்றையும் எழுதி, படம் பிடித்து வைப்பார்கள். திருப்பி அனுப்பும்போதும் அதே சோதனை. ஒப்பந்தத்தில் திரும்பும் தேதி இருக்கும், சுவர் காலியாக வேண்டியதுதான்.

எனக்குப் பெரிதாகப் படுவது இந்த இரவல்தான். நம் நாட்டின் நவீன ஓவியங்களில் எத்தனையோ தனியார் வீடுகளில் இருக்கின்றன. 1943இல் உருவான '43 குழு' என்ற ஓவியர் குழுவையே பாருங்கள். ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ் என்று பெரிய பெயர்கள். அவர்களுடைய படங்களைப் பார்க்க கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் அதே குழுவின் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டுக்கு, இப்போதைய சபுமல் அறக்கட்டளைக்குப் போகலாம். மற்றபடி, யாராவது இரவல் வாங்கிக் கண்காட்சி வைத்தால்தான் நம் கண்ணில் படும்.

[திரையில்: கொள்ளுப்பிட்டி, கிரெஸ்கட் கட்டிடம்]

அந்த வேலையைச் செய்கிற இடங்களில் ஒன்று, 2019 டிசம்பரில் தொடங்கிய இலங்கை நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம். கிரெஸ்கட் கடைத்தொகுதிக்குள் இருக்கிறது. விளக்கங்கள் தமிழிலும் இருக்கும். அம்மா, அப்பாவை யாரும் மொழிபெயர்த்துச் சொல்லாமலே கூட்டிப் போகலாம், அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஓவியம் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். கட்டிடக் கலைஞர் மினட் டி சில்வா கண்டி வட்டபுளுவவில் அமைத்த வீட்டுத் திட்டத்தைப் பற்றியும் அங்கே ஒரு கண்காட்சி நடந்தது. குடிவரப் போகிறவர்களிடம் கேள்விகள் கேட்டு, பதிலுக்கு ஏற்ப வீடு வரைந்தவர் அவர். வீட்டைக் கொழும்புக்குத் தூக்கி வர முடியாது. வரைபடமும் புகைப்படமும் வரும், அவையும் காகிதம்தான், திரும்பவும் இருட்டுக்குள் போக வேண்டியவைதான்.

ஆகவே அடுத்த கண்காட்சி அறிவிப்பைப் பார்த்தால், முடியும் தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் படைப்புகளை மாற்றுவார்களா என்று வாசலில் கேளுங்கள். மாற்றுவார்கள் என்றால், இரண்டு தடவை போகலாம்.