லிஸ்பன் சுவருக்குள் இருக்கும் மரம்

நேயர்களுக்கு வணக்கம். போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனின் கதை ரோமானியர் காலத்துக்கும் முந்தையது. அதில் 1755-க்குப் பிந்தைய பகுதியை மட்டும் இன்று பேசுகிறேன்.

அந்த ஆண்டு நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா. காலை சுமார் 9.40 மணிக்கு நிலம் நடுங்கியபோது தேவாலயங்களில் கூட்டம் நிறைந்திருந்தது. சரிந்த பீடங்களின் மெழுகுவத்திகளும் வீட்டு அடுப்புகளும் தீ மூட்டின. சிறிது நேரத்தில் தேஜு ஆற்று முகத்துவாரம் வழியே சுனாமி ஏறியது. தீ பல நாள் எரிந்தது.

அமைச்சர் கர்வாலியு, பின்னாளில் பொம்பால் பிரபு, தலைமைப் பொறியாளர் மனுவெல் த மாயாவிடம் யோசனை கேட்டார். மாயாவுக்கு வயது 78. பழையபடியே கட்டுவதிலிருந்து, வேறிடத்தில் புது நகரம் எழுப்புவது வரை பல வழிகளை அவர் எழுதிக் கொடுத்தார். தாழ்ந்த பகுதியான பைஷாவை முழுதும் இடித்து, நேர்கோட்டுத் தெருக்களோடு மறுபடி எழுப்புவது என்று முடிவானது. நிலம் அளந்து முடியும்வரை அங்கே யாரும் கட்டக்கூடாது என்று தடை போட்டார்கள். இந்தத் தடைதான் திட்டத்தைக் காப்பாற்றியது என்பேன். அவரவர் பழைய மனையில் சுவர் எழுப்பியிருந்தால், 60 சாண் அகலத்தில், அதாவது சுமார் 13 மீட்டரில், தெரு போட்டிருக்கவே முடியாது.

கட்டுமானத்தைப் பார்ப்போம். பைஷா ஆற்று வண்டல் படிந்த ஈர நிலம். அதனால் பைன் மரக் கட்டைகளை நெருக்கமாக அறைந்து, அவற்றின் மேல் அஸ்திவாரம் போட்டார்கள். தரைத்தளம் கல்லும் வளைவுக் கூரையும். அதற்கு மேல்தான் கயோலா என்ற மரச்சட்டகம் தொடங்குகிறது. செங்குத்துக் கால்கள், கிடைச் சட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பெருக்கல் குறிபோல இரண்டு சாய்வுச் சட்டங்கள். அவை குறுக்கிடும் இடத்தில் இரண்டையும் பாதியளவு வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று பதித்து ஆணி அடிப்பார்கள். இடைவெளியில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மேலே பூச்சு பூசிவிட்டால் மரம் கண்ணுக்கே தெரியாது. நடுக்கம் வரும்போது கல் விரிசல் விடலாம், சாந்து உதிரலாம். ஆனால் சட்டகம் அசைந்து கொடுத்துத் தளங்களைத் தாங்கும். தீ பரவாமலிருக்க, வீடுகளுக்கு இடைப்பட்ட சுவரைக் கூரைக்கும் மேலே உயர்த்தினார்கள்.

இந்த ஏற்பாடு கெடுவது பெரும்பாலும் பின்னால் வந்தவர்களின் கையால்தான். கடையை அகலமாக்க உள்சுவரை எடுப்பார்கள். குழாய் பதிக்கச் சாய்வுச் சட்டத்தை அறுப்பார்கள். மேலே இன்னொரு தளம் ஏற்றுவார்கள். கசியும் குழாயை அப்படியே விட்டால் சட்டங்களின் முனைகள் உளுத்துப்போகும். நிலத்தடியிலோ நிலைமை நேர்மாறு: அறைந்த கட்டைகள் நீரில் மூழ்கியிருக்கும் வரைதான் உறுதி. நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் மட்கத் தொடங்கும்.

ஆகவே அங்கே பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பவர் எந்தச் சுவரில் கை வைப்பதற்கும் முன், ஓரிடத்தில் பூச்சைச் சுரண்டி உள்ளே சட்டம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். சட்டம் இருந்தால், மெல்லியதாகத் தெரிந்தாலும் அது வெறும் தடுப்புச் சுவரல்ல. அதை எடுக்கக் கூடாது.