பெற்றோல் செட்டும் ஏழரை மணியும்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, சபையோரே, வணக்கம். எட்டு நிமிடம் தந்திருக்கிறீர்கள். வணக்கம் சொல்லியே அதில் பாதியைத் தின்பது எதிரணியின் வழக்கம். நான் விஷயத்துக்கு வருகிறேன்.

கூரையில் பூட்டும் சோலர் பனல் வீட்டின் தெருமுகப்பைக் கெடுக்கிறது என்பது அவர்கள் கட்சி. கெடுக்கவில்லை என்பது எங்கள் கட்சி. பனலை ஒருவர் அலங்கோலமாகப் பூட்டினால் குற்றம் பனலிலா, பூட்டியவரிலா என்று கேட்டுவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் எதிரணித் தலைவர் மாஸ்டர் ஒரு கதை சொன்னார். அதைச் சும்மா விட மனம் வரவில்லை.

என்ன கதை? வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கை. அதில் மொட்டைமாடி வைத்த ஒரு வீடு. அந்த வீட்டு அன்ரி மாடியில் எட்டடி உயரத்துக்கு இரும்புக் கால் நட்டு, மேலே பனல் போட்டிருக்கிறார். ஒரு நாள் பொழுதுபட்டு ஏழரை மணிபோல ஸ்கூட்டியில் வந்த தம்பி ஒருவன் கேற்றடியில் நிறுத்தி, “அன்ரி, ஃபுல் டாங் அடியுங்கோ” என்றானாம். “பார்த்தீர்களா, வீடு பெற்றோல் செட்டாகிவிட்டது!” என்றார் மாஸ்டர். சபை சிரித்தது. நடுவரும் சிரித்தார். நானும் சிரித்தேன், அது வேறு விஷயம். ஆனால் அந்த ஏழரை மணியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டர், அந்தத் தம்பி வந்தது எந்த வருஷம்? 2022 என்றால் அவன் ஏமாறவில்லை. பெற்றோல் தட்டுப்பாட்டில், பங்கீட்டு முறையில், காலி வீதி நெடுக வரிசை நின்ற காலத்தில், வரிசையே இல்லாத ஒரு செட்டைக் கண்டால் எவன்தான் பிறேக் பிடிக்கமாட்டான்? கியூஆர் கோட் காட்டினானா? இலக்கத் தகட்டின் கடைசி இலக்கம் அன்றைய முறைக்குச் சரியாக இருந்ததா? அந்த மாதங்களில் “உங்கள் வீடு பெற்றோல் செட் மாதிரி இருக்கிறது” என்று சொல்லியிருந்தால், அன்ரி அதைக் கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்திருப்பார்!

மாஸ்டர் தலையாட்டுகிறார். போன வருஷமாம். சரி, போன வருஷமே இருக்கட்டும். அன்ரி என்ன பதில் சொன்னார்? அதை மாஸ்டர் விழுங்கிவிட்டார். அன்ரி சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: “தம்பி, இங்க பெற்றோல் இல்லை, கரண்டுதான் இருக்கு. உன்ர ஸ்கூட்டி கரண்டில ஓடுமெண்டா சொல்லு, வயரை நீட்டுறன்.” பற்றரி ஸ்கூட்டிகள் தெருவுக்குத் தெரு ஓடுகிற காலம் இது, மாஸ்டர். கேட்டது பிழையான பொருள், ஆனால் வந்தது சரியான இடம்!

இப்போது கேள்வி. அந்த வீடு ஏன் செட் மாதிரித் தெரிந்தது? பனலாலா? எட்டடிக் காலால். அந்த எட்டடியை யார் கேட்டது? சூரியன் கேட்டதா? கீழே உடுப்புக் காயப்போட வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டது. அது அவருடைய வசதி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் முகப்புத்தான் முக்கியம் என்றால் கணக்கு வேறு.

550 வொற் பனல் ஒன்று ஏறத்தாழ 2.28 மீற்றர் நீளம், 1.13 மீற்றர் அகலம், 28 கிலோ அளவில் பாரம். மழை தானாகக் கழுவிவிட 10 பாகை சாய்வு போதும். குறுக்காகப் படுக்கவைத்தால் மேல் விளிம்பு 20 சென்ரிமீற்றர்தான் எழும்பும். நெடுக்காக வைத்தாலும் 40. கீழே அரையடிக் கால் கொடுத்தாலும் மூன்றடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டாது. ஒழுங்கையில் நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு ஆகாயம் தெரியும், பனல் தெரியாது. ஒன்றே ஒன்று: சுவரின் நிழல் காலையிலும் மாலையிலும் விழும், ஆகவே மூன்றடியாவது தள்ளி வையுங்கள். ஒரு பனலின் மூலையில் நிழல் விழுந்தாலும் அந்தப் பனலின் ஒரு பகுதி வேலையை விட்டுவிடும். தாழ்வாக வைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. தென்மேல் பருவக்காற்று கடல் பக்கமிருந்து வரும்போது, எட்டடி உயரத்தில் நிற்கிற தகட்டை அது பாய்மரம் என்று நினைத்துக்கொள்ளும்.

இடம் எவ்வளவு வேண்டும்? ஐந்தரைக் கிலோவொற்றுக்குப் பத்துப் பனல். கொழும்புக்காரருக்குப் புரிகிற மொழியில் சொன்னால், ஒரு பேர்ச்! ஒரு பேர்ச் 25 சதுர மீற்றர் சொச்சம், பத்துப் பனலும் கிட்டத்தட்ட அதே. வெள்ளவத்தையில் ஒரு பேர்ச் என்ன விலை என்று இந்தச் சபையில் நான் சொல்லமாட்டேன், இருதய நோயாளர் இருப்பார்கள். அந்த ஒரு பேர்ச் உங்கள் தலைக்கு மேலே சும்மா காய்ந்து கிடக்கிறது.

ஓட்டு வீடு என்றால்? தெருப்பக்கக் கூரையில்தான் போட வேண்டும், அங்கேதான் வெயில் என்றார் எதிரணித் தங்கச்சி. அது குளிர்நாட்டுக் கணக்கு, தங்கச்சி. கொழும்பு பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நம் உச்சிக்கு வந்து, அதன்பின் செப்டெம்பர் தொடக்கம் வரை, ஐந்து மாதம், வடக்குப் பக்கமாக நின்று காய்கிறது. மற்ற ஏழு மாதம் தெற்கே. நமது ஒழுங்கைகள் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்குபவை, ஆகவே வீடுகள் பெரும்பாலும் வடக்கைப் பார்க்கும், அல்லது தெற்கைப் பார்க்கும். வடக்குப் பார்த்த வீடா? பின்கூரை தெற்கு, யோசிக்கவே வேண்டாம். தெற்குப் பார்த்த வீடா? கூரைச் சாய்வு குறைவென்றால் பின்கூரையிலேயே போடுங்கள், இழப்புச் சிறிது. சாய்வு கூடக்கூட இழப்பும் கூடும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

முன்பக்கம்தான் இடம் என்றாலும் அழகாகப் போடலாம். இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து. ஐந்தேமுக்கால் மீற்றர் அகலத்தில் ஒரே நீள்சதுரம். விளிம்பு கூரை விளிம்புக்குச் சமாந்தரம், இரு பக்கமும் சம இடைவெளி. மூன்றை இங்கே, இரண்டை அங்கே, ஒன்றைத் தண்ணீர் டாங்கிக்குப் பின்னால் என்று ஒட்டுப்போட்டால் அது பனலின் குற்றமா? வெள்ளிச் சட்டம் கண்ணைக் குத்துகிறதா, கறுப்புச் சட்டம் கேளுங்கள். கொக்கியைக் கைமரத்தில் முறுக்க வேண்டும், றீப்பையில் அல்ல. கொக்கி வருகிற இடத்தில் ஓட்டின் அடி விளிம்பைக் கிரைண்டரால் இழைத்துவிட வேண்டும். இழைக்காத ஓடு பல் துருத்திக்கொண்டு நிற்கும், முதல் மழைக்கே ஒழுகும்.

முகப்பைக் கெடுக்கிற உண்மையான எதிரி ஒருவன் இருக்கிறான், அவனை எதிரணி பிடிக்கவே இல்லை. துரு! கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்துகொண்டு, மலிவு என்று சாதாரண இரும்பு ஆணி போட்டால், உப்புக்காற்றில் துருப்பிடித்து வெள்ளைச் சுவரில் செங்கோடு இழுக்கும். அலுமினியச் சட்டம், துருப்பிடிக்காத உருக்கு ஆணி, இரண்டுக்கும் நடுவே ரப்பர் வாஷர். இவ்வளவுதான் மருந்து. அடுத்தது வயர்க் குழாய். மீற்றர் கேற்றடியில் இருக்கிறது என்பதற்காக வெள்ளைக் குழாயை முன்சுவரின் நெஞ்சுக்கு நடுவே இறக்குகிறார்கள். பக்கச் சுவரால் இறக்கி, சுவரின் நிறத்தையே பூசிவிட்டால் யார் கண்ணில் படும்? காகத்துக்கு மட்டும்தான். காகம் என்றதும் ஞாபகம் வருகிறது: பனலுக்கும் ஓட்டுக்கும் நடுவே கூடு கட்டாமல் சுற்றிவரக் கம்பிவலை அடியுங்கள். எச்சத்தைக் காலையில் கழுவுங்கள். நடுப்பகலில் கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் வேண்டாம்.

இன்னொன்று கேட்கிறேன். கறுப்புத் தண்ணீர் டாங்கியைக் கூரை உச்சியில் கிரீடம்போல வைத்திருக்கிறோம். முன்சுவரில் ஏசிப் பெட்டி சொட்டுச் சொட்டாக மூக்கு வடிக்கிறது. டிஷ் அன்ரெனா காது நீட்டுகிறது. இருபது வருஷமாக இவற்றில் எதையும் காணாத மாஸ்டரின் கண், பனலை மட்டும் கண்டுவிட்டதா?

மணி அடித்துவிட்டார்கள். ஒரு நிமிடம், நடுவர் அவர்களே.

அந்த அன்ரியிடம் திரும்பப் போகிறேன். அவர் வீடு நமக்குத் தெரியாதா? ஒழுங்கைக்கு ஒன்று இருக்கிறது. மகன் ரொறொன்ரோவில், மகள் லண்டனில். வீட்டில் அன்ரியும் சாமிப்படமும். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதம் கூடியது. அடுத்த பெப்ரவரியில், அதன்மேல் 66. அன்ரி முதலில் எதை நிறுத்தினார்? ஃபிரிஜ்ஜையா? மருந்து உள்ளே இருக்கிறது. ஃபானையா? புழுக்கம். வாசல் லைட்டை நிறுத்தினார். சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு, முன்கதவைப் பூட்டி, இருட்டுக்குள் இருந்தார். பக்கத்து வீடும் அப்படி, எதிர் வீடும் அப்படி. ரியூஷன் முடிந்து வருகிற பிள்ளைகள் அந்த ஒழுங்கையைக் கைபேசி வெளிச்சத்தில் கடந்தார்கள். அப்போது யாராவது முகப்பு அழகைப் பற்றிப் பட்டிமன்றம் வைத்தோமா?

மகன் காசு அனுப்பினான், பனல் வந்தது. பகலில் வீட்டுத் தேவைக்கு மிஞ்சி மீற்றர் வழியே தெருக்கம்பிக்குப் போகிற யூனிற் அன்ரியின் கணக்கில் நிற்கிறது, இரவில் அதையே அன்ரி திருப்பி எடுக்கிறார். எடுத்து என்ன செய்தார்? வாசல் லைட்டைப் போட்டார்.

இப்போது அந்த ஏழரை மணிக்கு வாருங்கள், மாஸ்டர். நீங்கள்தான் சொன்னீர்கள், பொழுதுபட்டு ஏழரை மணி என்று. அந்த இருட்டில் மாடியிலிருக்கிற பனல் அந்தத் தம்பிக்குத் தெரியுமா? எட்டடிக் கால்தான் தெரியுமா? ஒழுங்கை முழுக்க இருட்டிக் கிடந்தது. ஒரு வாசலில் மட்டும் லைட் எரிந்தது. அதைக் கண்டுதான் பிள்ளை செட் என்று நினைத்து நிறுத்தியிருக்கிறான்.